காசியம்மாளை ஒளித்துவைத்த கட்சி

காசியம்மாள் தக்காளி பயிரிட்டு மாரண்டஹள்ளி மண்டியில் போடுகிறவர். தன் ஊர்ப் பேரூராட்சித் தேர்தலில், எதிர்க்கட்சியில் நின்ற பக்கத்து வீட்டு ரோசம்மாளைத் தோற்கடித்துக் கவுன்சிலராகிவிட்டார். கட்சிக்கும் அமோக வெற்றி. வெடிச் சத்தம் அடங்குவதற்குள் பேரூர்ச் செயலாளர், தன் பக்கக் கவுன்சிலர்களோடு இவரையும் வேனில் ஏற்றி ஓசூர் லாட்ஜில் கொண்டுபோய் வைத்தார். கவுன்சிலர்கள் ஓட்டுப் போடும் பேரூராட்சித் தலைவர் தேர்தல் முடியும்வரை வெளியே வரக்கூடாதாம்.

"நாமதானுங்க ஜெயிச்சோம்? அப்பறம் யாருக்குப் பயந்துக்கிட்டு ஒளியறோம்?"

"நம்ம ஆளுங்களுக்குத்தான்க்கா. ஒன்றியச் செயலாளர் அவரு மச்சானத் தலைவராக்கப் பாக்கறாரு. உங்களத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

போன வாரம்வரை இரண்டு செயலாளர்களும் ஒரே ஜீப்பில் நின்று இவருக்கு ஓட்டுக் கேட்டவர்கள். எதிர்க்கட்சியைத் திட்டத்தான் காசியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது யாரைத் திட்டுவது? மூன்றாம் நாள், பிடுங்கி வைத்திருந்த செல்போனைச் சண்டை போட்டு வாங்கி, கணவர் குப்புராஜைக் கூப்பிட்டார்.

"வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"நம்ம கட்சிக்காரங்க வந்தாங்க. நீ எங்கன்னு கேட்டுக் கதவ ஒதச்சிட்டுப் போனாங்க."

"ஐயோ! மாட்ட யாருங்க கறக்கறது? உங்களக் கிட்டவே சேக்காதே."

"ரோசம்மாதான் ரெண்டு வேளையும் வந்து கறந்து குடுத்துட்டுப் போவுது."