யானை வந்ததும் நின்றுபோன விளையாட்டும் என் வேண்டுதலும்

மழை விட்ட ஒரு காலையில் என் வீட்டுக்காரர் தென்னையிலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நெல்லும் தென்னையும் அவர் கையை நம்பித்தான் இருந்தன. இனி மரம் ஏறக் கூடாது, நடக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த தொழில் கணினி ஒன்றுதான். சித்தூர் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். வீட்டில் இருந்தது பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம். கேரளத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது பழகின சங்கதி. அதில் ஓடும் ஒரு மாட்டுவண்டிப் பந்தய விளையாட்டை எழுதி இணையத்தில் போட்டேன். விளையாடிப் பிடித்தால் விரும்பியதைக் கொடுங்கள் என்று கீழே எழுதினேன். நிறையப் பேர் எடுத்து விளையாடினார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் யார் காசு கொடுப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் செல்வியின் விளையாட்டு வந்தது.

செல்வி கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்தவள். தேயிலைக் காட்டில் வேலை முடித்து ஒரு பெண் வீடு திரும்ப வேண்டும், வழியில் யானை வரும். அவ்வளவுதான் அவள் விளையாட்டு. அதுவும் லினக்ஸுக்குத்தான். தான் எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருந்தாள். ஆனால் அவளுடையதை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மலையாளப் பத்திரிகையில் அவள் படமே வந்துவிட்டது.

கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: “ஏம்புள்ள, உங்கூடப் படிச்ச செல்வி பேப்பர்ல வந்திருக்குது பாரு. கெட்டிக்காரப் புள்ளதான்.”

“பாத்தேனுங்க” என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விடுதியில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவளுக்கு எப்படி? எனக்கு ஏன் இல்லை? குளிக்கும்போதும் அதே நினைப்பு, அவருக்கு மருந்து கொடுக்கும்போதும் அதே நினைப்பு.

அவளுடைய விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினேன். ரசிக்க அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தும் விட்டேன். ஒற்றை யானை வந்தால் ஒன்றுமில்லை. கூட்டமாக வந்ததும் என் பழைய கணினியில் விளையாட்டு அப்படியே நின்றுபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடனே அவள் விளையாட்டின் இணையப் பக்கத்தில் குறை சொல்லிக் கருத்து எழுத உட்கார்ந்தேன்.

“என்னமோ சிரிச்சுட்டே எழுதற?” என்றார் அவர்.

“செல்வியோட வெளையாட்டு ஓடமாட்டேங்குதுங்க. அதைத்தான் எழுதறேன்.”

“அதுக்கா இத்தனை நாளு கழிச்சு சிரிக்கற?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எழுதியதை அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. ஊர் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன்.

அதுவரை அம்மனிடம் நல்லவள் மாதிரிதான் வேண்டியிருந்தேன். எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்பேன். அன்று முடியவில்லை. தூணோரம் நின்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“ஆத்தா, எனக்கு அவளைக் கண்டா ஆகறதில்ல. உங்கிட்ட மறைச்சு என்ன பண்றது? அவளுக்குக் குடுத்தாப்பல எனக்கும் ஒரு வழி குடு. இல்லீன்னா இந்த எரிச்சலையாவது எடுத்துக்க.”

அழுதேன். பூசாரி திருநீறும் வேப்பிலையும் கொடுத்தார். வேறெதுவும் நடக்கவில்லை. ஆனால் வரப்பில் திரும்பி வரும்போது மனதில் ஒரு கேள்வி வந்தது. நின்றுபோகிறது என்று கண்டாய், ஏன் நிற்கிறது என்று பார்த்தாயா? அந்தக் கேள்வி என்னுடையது அல்ல என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். என் மனம் அப்போது இருந்த இருப்புக்கு அது தானாக வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து, அவள் எழுதியிருந்த நிரலைத் திறந்து படித்தேன். கூட்டத்தில் ஒவ்வொரு யானைக்கும் ஒரே பெரிய படத்தைத் தனித்தனியாக ஏற்றியிருந்தாள். புதுக் கணினி தாங்கும், பழையது தாங்காது. ஒரு படத்தையே எல்லா யானைக்கும் பயன்படுத்தும்படி மாற்றினேன். இன்னும் சில இடங்களிலும் சுமையைக் குறைத்தேன். யானைக்கூட்டம் என் கணினியில் ஜம்மென்று நடந்துபோனது.

உடனே அடுத்த சோதனை. திருத்தியதை என் பெயரிலேயே வெளியிடலாம். அவள் கொடுத்திருந்த உரிமத்தில் அதற்கு இடம் உண்டு. இரண்டு நாள் அந்த ஆசையோடு மல்லுக்கட்டினேன். அம்மன் கொடுத்த வழி இது என்றால் இதில் திருட்டுத்தனமாக எதற்கு நடக்க வேண்டும் என்று கடைசியில் தோன்றியது. செல்விக்கே அனுப்பிவைத்தேன். நலமா என்றுகூடக் கேட்காமல் இரண்டே வரி எழுதினேன்.

அடுத்த நாளே போன் செய்தாள். “ஏட்டி பூங்கொடி, எங்கட்டி போயிருந்த இத்தனை நாளு? பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க எல்லாம் ஓடலன்னு என்னைய ஏசிட்டு இருக்காங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

“சும்மா வெளையாடிப் பாத்தேன்” என்றேன். பொறாமையில் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் தன் விளையாட்டின் இணையப் பக்கத்தில் என் பெயரையும் போட்டாள். பழைய கணினிகளில் ஓடும்படி செய்தவர் என்று. அவள் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில். அதிலும் எனக்குக் கொஞ்சம் முள் குத்தியது. ஆனால் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துத்தான் கொச்சியில் விளையாட்டு தயாரிக்கும் ஒரு குழு எனக்கு எழுதியது. தங்கள் விளையாட்டுகள் லினக்ஸில், அதுவும் பழைய கணினிகளில் ஓட வேண்டும், செய்து தருவீர்களா என்று கேட்டார்கள். செய்தேன். அவர்கள் சொல்லி இன்னொருவர் வந்தார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை யாரும் வாங்குவதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அதைத் தடங்கலில்லாமல் ஓடவைக்கும் ஆளுக்குக் கூலி உண்டு என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

என் புது மடிக்கணினியை அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்தோம். அவர் இப்போது கோல் ஊன்றி வயல்வரை போய் வருகிறார். சிகிச்சை ஒரு நாளும் தடைபடவில்லை. அதற்கே நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

செல்வி இரண்டாவது விளையாட்டை முடித்துவிட்டாள். பார்த்தேன். மிக நன்றாக இருக்கிறது. வயிறு லேசாக எரியத்தான் செய்தது. எரிச்சலை எடுத்துக்கொள் என்று கேட்டேன், அம்மன் முழுசாக எடுக்கவில்லை. அதைக் கொண்டே எனக்கு ஒரு பிழைப்பைக் காட்டினாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அடுத்தவர் வாழ்வைப் பார்த்து உள்ளம் வெந்துகொண்டிருந்தால், மனம் சுத்தமான பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெந்த மனதோடே போங்கள். யார்மேல் பொறாமை என்று பெயரைச் சொல்லியே அழுங்கள். அம்மன் நமக்குத் தாய், முகம் சுளிக்க மாட்டாள்.