பீப்பாவுக்கு வாசித்த மரண அறிவித்தல்கள்

“ஏழாலையைப் பிறப்பிடமாகவும், சுவிற்சர்லாந்தை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருமதி...” என்று பரமலிங்கத்தார் ஒரு பழுதான பிரிட்ஜின் முதுகுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். பிளாஸ்ரிக் கதிரையில் நிமிர்ந்த இருப்பு, கதிரைக் கையில் கொழுவிய குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. பிள்ளைகள், மருமக்கள் முடிந்து பேரப்பிள்ளைகளின் வரிசைக்கு வரும்போது குரலைக் கொஞ்சம் தணிப்பார். அப்போதுதான் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறக் காது ஒன்று வெளியே வரும். அவர் அதைக் காணாதவர்போல அடுத்த பேத்திக்குப் போவார்.

இது அரியாலையில் ரஞ்சினி ரீச்சர் தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் நடத்தும் பூனைக் காப்பகம். கிழமையில் மூன்று நாள் நான் அங்கே கோப்பை கழுவவும் மண் மாற்றவும் போகிறேன். தெருவில் எடுத்த குட்டிகளுக்கு, எதற்குள் கிடந்தனவோ அதையே பெயராக வைப்பது ரீச்சரின் வழக்கம். ஆகவே எங்களிடம் ஒரு ஹெல்மெற், ஒரு கடகம், ஒரு தகரம் உண்டு. வீதி போடுகிறவர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாவுக்குள் கிடந்தது பீப்பா. வந்த அன்று பிரிட்ஜுக்குப் பின்னால் புகுந்ததுதான், ஆறு கிழமையாகிறது. நாங்கள் கதவைச் சாத்திய பிறகே சாப்பிடும். அதற்குப் பிறகு ஒருவர் கையும் அதில் பட்டதில்லை. அதன் அட்டையில் ‘ஆணா, பெண்ணா’ என்ற இடத்தில் ரீச்சர் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

பரமலிங்கத்தார் குட்டி தேடி வந்தவரல்ல. சண்டை பிடிக்க வந்தவர். ‘கூச்ச சுபாவமுள்ள பூனைக்குட்டிக்கு வீடு தேவை’ என்று ரீச்சர் பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்த தாளைப் பக்குவமாக உரித்து, சிவப்புப் பேனையால் திருத்தி, தெல்லிப்பழையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து நீட்டினார்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உது ஒரு அறிவித்தலே? பிறந்த இடம் இல்லை. தாய் தகப்பன் பேர் இல்லை. உறவெண்டு ஒருத்தரும் இல்லை.”

“தாய் தகப்பன் ஆரெண்டு தெரியாது அண்ணை. அதாலைதானே இஞ்சை நிக்குது.”

மனிதர் சிவப்புப் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, “ஆளை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து பீப்பா அவருக்கு ‘ஆள்’; தானே கொண்டுபோய் வளர்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வயது எழுபத்திரண்டு. மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பது அவருடைய இப்போதைய வேலை. அந்தப் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டுக்காரர் ஐயருக்குச் சொன்ன கையோடு இவருக்குத்தான் போன் எடுப்பார்கள். யார் மூத்த மருமகன், யார் லண்டன், யார் நோர்வே, எல்லாம் ஒரு மொத்தக் கொப்பியில் இருக்கிறது. கடைசி வரியில் ‘தகவல்’ என்று போட்டு, அறிவிக்கிறவரின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் அவருடைய முறையையும் எழுதி முடித்தால்தான் அவருக்கு மூச்சு வரும். ஒரே ஒரு தடவை, நோர்வே மருமகன் ஜெயசுதனின் பெயர் விடுபட்டுப் போனது. அந்த மனுசன் வந்திறங்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில் இருக்காமலே திரும்பிப் போய்விட்டார். பரமலிங்கத்தார் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு பஸ் ஏறி, கட்டுநாயக்க விமான நிலையம் வரை போய் மன்னிப்புக் கேட்டார். “உள்ள உறவை விடவும் கூடாது, இல்லாத உறவை எழுதவும் கூடாது” என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்வார்.

குட்டியைப் பிடித்திழுக்கக் கூடாது, தானாக வெளியே வரவேண்டும், அதுவரை பக்கத்திலிருந்து கதைத்துப் பழகவேண்டும் என்பது ரீச்சரின் சட்டம். “பூனையோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?” என்று பரமலிங்கத்தார் என்னைக் கேட்டார். பேப்பரை வாசியுங்கோ என்றேன். அரசியலை வாசித்தார், பிரிட்ஜுக்குப் பின்னால் அசுமாத்தம் இல்லை. விளையாட்டுச் செய்தி வாசித்தார், இல்லை. பழக்க தோசத்தில் மரண அறிவித்தல்கள் வரும் கடைசிப் பக்கத்துக்குப் போனார். காது வந்தது.

குரல் ஒரே சீராகப் போவதால்தான் என்பது ரீச்சரின் விளக்கம். “இல்லை ரீச்சர். ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு அது கேக்குது” என்பது அவருடையது. எது சரியோ, ஒன்று மட்டும் நிச்சயமாயிற்று. பீப்பாவுக்கு நீளமான அறிவித்தல் வேண்டும். எட்டுப் பிள்ளை பெற்றவர் என்றால் மூக்கு வரைக்கும் வரும். பூட்டப்பிள்ளைகள் இருந்தால் முன்னங்கால். ‘இறுதிக்கிரியைகள்’ என்ற சொல் காதில் விழுந்தால் முழுவதும் உள்ளே போய்விடும். பரமலிங்கத்தார் அயலட்டை எல்லாம் கேட்டு, பெரிய குடும்பங்களின் பழைய அறிவித்தல்களைச் சேர்த்துக்கொண்டு வரத் தொடங்கினார். பஸ்ஸில் அவர் அவற்றைப் புரட்டப் புரட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தார்களாம்.

ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து, அதற்குள் மடித்திருந்த தாளை என்னிடம் காட்டினார். அவருடைய சொந்த மரண அறிவித்தல். திகதிக்கு இடம் விட்டிருந்தது.

“என்ன ஐயா விசர் வேலை இது?”

“நான் செத்தால் ஆர் பிள்ளை எழுதிறது? நானே எழுதினால்தான் பிழை வராது.”

இரண்டே வரி. காலஞ்சென்ற பத்மாவதியின் அன்புக் கணவர் என்பதோடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. ‘தகவல்’ என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. “ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தனான். என்ரைக்குத் தகவல் எண்டு போட ஒருத்தரும் இல்லை. அதுதான் ஒரு கவலை” என்றார். நான் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

இதற்கிடையில் பருத்தித்துறை றொபின் வந்து சேர்ந்தார். அவருடைய மீன் வலைகளை எலி அரிக்கிறதாம், ஏதாவதொரு பூனை தந்தால் போதுமாம். “கூச்சப்பட்டால் படட்டும். எலிக்கு முன்னாலை கூச்சப்படாட்டிச் சரி. நான் வலை போட்டுப் பிடிப்பன்.” அடுத்த கிழமை ஏழு குட்டிகள் வர இருந்தன, கொட்டகையில் இடமில்லை. சனிக்கிழமைக்குள் பீப்பா தானாகப் பரமலிங்கத்தாரிடம் வராவிட்டால் றொபினுக்கு என்று ரீச்சர் மனமில்லாமல் சொன்னார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே பரமலிங்கத்தார் வந்துவிட்டார். அன்றைக்கென்று பேப்பரில் மூன்றே மூன்று அறிவித்தல்கள், மூன்றும் நாலைந்து வரிதான். காது வரும், மூக்கு வரும், குடும்பம் முடிந்துவிடும். “இப்பத்தையச் சனம் பிள்ளை பெறுறதில்லை” என்று என்னிடம் முணுமுணுத்தார். கொண்டுவந்த பழையவற்றை எடுத்தார். எல்லாம் பீப்பா ஏற்கெனவே கேட்ட குடும்பங்கள் என்பதாலோ என்னவோ, காதுகூட வரவில்லை. பதினொரு மணிக்கு றொபின் தோளில் வலையோடு வாசலில் வந்து நின்றார்.

பரமலிங்கத்தார் சொப்பிங் பையை எடுத்தார்.

“தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற தபாலதிபர் பரமலிங்கம் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற பத்மாவதியின் அன்புக் கணவரும்...”

மூக்கு வந்திருந்தது. தாளில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் தாளைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார்.

“தபாற்கந்தோர் குகதாசனின் உற்ற நண்பரும், பக்கத்து வளவுச் சிவகௌரியின் ஆட்டுக்குட்டிகளுடைய பெரிய தந்தையும், அரியாலை ரஞ்சினியின் உடன்பிறவாச் சகோதரரும், ஹெல்மெற், கடகம், தகரம் ஆகியோரின் பாசமிகு அப்பப்பாவும், பருத்தித்துறை றொபினின் ஆருயிர்ச் சிறிய தந்தையும்...”

“அப்ப நான் இவருக்குப் பெறாமகனே?” என்று றொபின் என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் வலையை வெளியே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

இல்லாத உறவை எழுதாத மனிதர் நின்றபாடில்லை. அறிவித்தலுக்குள் நோர்வே ஜெயசுதன் வந்தார், பஸ் நடத்துநர் வந்தார், நானும் ஒரு பெறாமகளாக வந்தேன். பீப்பா முன்னங்காலை வைத்தது, பிறகு முழுதாக வெளியே வந்தது. ஆறு கிழமையில் அதன் வாலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். குடை நுனியை மணந்தது. அவருடைய வெறும் பாதத்தில் ஏறி, வேட்டிக் கரையைப் பிடித்து மடிக்கு வந்து, தாளின்மேல் குந்திக்கொண்டது. அவர் சத்தமில்லாமல் “ஆவார்” என்று முடித்தார். ஆள் அசையவில்லை.

ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடை எடுக்கப் போனார். பரமலிங்கத்தார் தாளை மெல்ல உருவி, பேனையைத் திறந்து, ‘தகவல்’ என்பதற்கு எதிரே ‘பீப்பா’ என்று எழுதினார். அடைப்புக்குறியைத் திறந்தார். மகன் என்றோ மகள் என்றோ வரவேண்டிய இடம் அது. பேனை அப்படியே நின்றது. பிழை வரக்கூடாதே. பேனையைக் காதில் செருகி, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பீப்பாவின் வாலை மரியாதையாகத் தூக்கிப் பார்த்தார்.