வாசலுக்கு அளவெடுத்த கேட்

அன்றைக்கு வீட்டில் இருந்தது அஞ்சு பேர். அம்மா, அண்ணன், நான். மாதாமாதம் அண்ணனுக்கு வலிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கவர்மெண்ட் நர்ஸ் அக்கா. அவர் கூட்டிவந்த ஆபீசர். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் எட்டிப் பார்த்தாள், உள்ளே வரவில்லை. அவள் கணக்கில் இல்லை.

அண்ணனுக்கு வயசு நாற்பதுக்கு மேல். புத்தி மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டது. பசித்தால் சொல்லத் தெரியாது, ரோட்டைத் தாண்டத் தெரியாது. அம்மா லாட்ஜில் துணி துவைக்கப் போனாள். அவனைப் பார்க்க ஆள் வேண்டுமென்று என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. பௌர்ணமி வந்தால் கூட்டத்தோடு அவனும் நடந்து போய்விடுவான். ஒரு தடவை கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். அதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி இடுப்பில் கயிறு போட்டுக் கட்டில் காலில் கட்டுகிறோம். உரசி உரசி இடுப்புத் தோல் கறுத்துவிட்டது.

இப்படி ஒருத்தரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதம் ஒரு தொகை தருகிறது என்று நர்ஸ் அக்காதான் சொல்லி, மனு எழுதிக் கொடுத்தார். அதை நம்பி வெல்டிங் பட்டறையில் அட்வான்ஸ் கொடுத்து வாசலுக்கு கிரில் கேட் செய்யச் சொன்னேன். கேட் வந்துவிட்டால் கயிறு வேண்டாம்.

மனுவை விசாரிக்க ஆபீசர் வருகிற காலையில் கயிறு கட்டில் காலிலேயே கிடந்தது. கயிற்றைப் பார்த்தால் என்ன நினைப்பார்? மனுஷனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவனைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டால்? போலீஸ் வந்தால்? கயிற்றைச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் போட்டேன். மூடி சரியாக இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். தழும்பு தெரியாதபடி அண்ணனுக்கு நீளச் சட்டை மாட்டிவிட்டேன்.

ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணன் எழுந்துபோய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். சொந்தக்காரர்கள் அவனைக் கண்டு முகம் சுளிக்கிறார்களே என்று அம்மா வருஷக்கணக்கில் பழக்கியது. நாற்காலியில் துவைத்த துணி கிடந்தால் அதற்கும் தண்ணீர் கொடுத்து நனைத்து வைப்பான்.

ஆபீசர் வாங்கிக் குடித்தார்.

"கேக்காமலே தண்ணி கொண்டாறாரு. இவருக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆளு?"

"நான் பழக்குனது சார்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்து நாளாகியிருந்தது.

வெளியே எங்காவது போய்விடுவாரா என்று ஆபீசர் கேட்டார். நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். கயிறு விஷயம் அவருக்குத் தெரியும். நான் டிரம்மைப் பார்த்தேன்.

"நாங்க பாத்துக்குவோம் சார்" என்றாள் அம்மா.

வலிப்பு ஜாஸ்தி, தனியாக விட முடியாது என்று நர்ஸ் அக்கா சொல்லிப் பார்த்தார். ஆபீசர் எழுதிக்கொண்டே தலையாட்டினார்.

அவர் போனதும் அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளுக்கும் சொம்பு கொண்டுவந்தான். "கெட்டிக்காரன்டா நீ" என்று வாங்கிக் குடித்தாள்.

மனு தள்ளுபடி. தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார், துணைக்கு ஆள் தேவையில்லை என்று போட்டிருந்தார்களாம். மாத்திரையோடு வந்த நர்ஸ் அக்கா சொன்னார். மறுபடியும் போடலாம் என்றார்.

"அடுத்த தடவை கயித்த மறைக்காதம்மா."

"காட்டி, அதுக்காகவே அவனக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா?" என்றேன்.

அவர் மாத்திரையை எண்ணி வைத்தார்.

இந்தப் பௌர்ணமிக்கும் கட்டினோம். கயிற்றுக்கு அடியில் பழைய புடவைத் துணியைச் சுற்றிவிட்டேன். கேட் பட்டறைச் சுவரில் சாத்திக் கிடக்கிறது. உங்க வாசலுக்கு எடுத்த அளவு அக்கா, இத வேற யார் தலையில கட்டுறது என்கிறார் வெல்டிங்காரர். அட்வான்ஸ் போக அவருக்கு இன்னும் தர வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.