டெமோ ஆட வந்த ஜமால் பாய்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னை டி.வி. கேம் விளையாடச் சொன்னார்.

எண்பதுகளின் பின்பாதி அது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் டி.வி., டேப் ரெக்கார்டர், மிக்ஸி எல்லாம் விற்கிற ஒரு கடை. மிக்ஸி வாங்க வருகிற பெண்களிடம் பேசுவதற்குப் பெண் ஒருத்தி இருந்தால் நல்லது என்று என்னை எடுத்தார்கள். நான் வண்டியூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் அப்போது டி.வி. கிடையாது. அந்தக் கடையில்தான் முதன்முதலாக டி.வி.யைத் தொட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து வருகிற டி.வி. கேம் செட்டுகளையும் கடையில் வைத்திருந்தோம். கனமான புத்தகம் போல ஒரு கறுப்புப் பெட்டி. டி.வி.யின் ஏரியல் போடுகிற இடத்தில் அதன் ஒயரைச் செருகி, சேனலைத் திருகி ட்யூன் பண்ண வேண்டும். மேலே கேசட் போட்டால் படம் வரும். கையில் பிடித்து ஆட இரண்டு ஸ்டிக். விலை கூடுதல் என்பதால் ஆடிப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த டெமோவும் என் பொறுப்பானது.

முதலாளி ராமநாதன் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்.

"தனம், இது மிக்ஸி மாதிரி கெடையாது. மிக்ஸிய முழுசா அரைச்சுக் காட்டணும். இத முழுசாக் காட்டக் கூடாது."

"பெறகு எப்படிண்ணே?"

"பார்ட்டிய ஆட விடு. அவன் ஜெயிக்கப்போற நேரம் பாத்து சுவிட்ச ஆஃப் பண்ணிரு. மிச்சத்த வீட்டுல போய் ஆடட்டும்."

இது நன்றாகவே வேலை செய்தது. 'பிள்ளைகளுக்காக' என்று வருகிற அப்பாமார்கள்தான் ஸ்டிக்கை விட மாட்டார்கள். பேரையூரிலிருந்து வந்த பருத்தி வியாபாரி ஒருவர் விமானம் சுடுகிற கேசட்டை ஆடிக்கொண்டிருந்தார். கடைசி விமானத்தைக் குறிவைக்கும்போது நான் அணைத்துவிட்டேன். மனிதர் அந்த இடத்திலேயே செட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது பெட்டியோடு நின்றார்.

"ஏம்மா, படமே வரலையே?"

"உங்க வீட்டு டி.வி. என்ன மாடல்ண்ணே?"

"டி.வி.யா? படம் இதுக்குள்ள இல்லையா?"

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு டி.வி.யும் விற்றார்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. ஜமால் பாய் என்ற ஒருவரைப் பற்றி.

2. "எங்கத்தா துபாயில இருக்காங்க"

மே மாதம், பள்ளிக்கூட லீவு. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு குடும்பம் கடைக்குள் வந்தது. வெளிநாட்டுச் சட்டையும் புதுச் செருப்புமாக ஒரு ஆள், அவர்தான் ஜமால் பாய். கறுப்புத் துப்பட்டி போட்ட மனைவி. அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண் பிள்ளை. அவர் டி.வி. கேம் பார்க்க வேண்டும் என்றார்.

கேசட்டின் அடிப்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் போட்டேன். இரண்டு பேர் ஆடுகிற பந்து கேசட் அது. திரையின் இடமும் வலமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு, அதுதான் மட்டை. நடுவே ஒரு பந்து வந்து வந்து போகும். தவற விட்டால் எதிராளிக்குப் பாயின்ட். ஒரு ஸ்டிக்கை அவரிடம் கொடுத்து, இன்னொன்றைப் பிள்ளையிடம் நீட்டினேன். பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. பேச்சுக் கொடுத்தால் பயம் தெளியும் என்று கேட்டேன்.

"ஒம் பேரு என்னடா?"

"பர்வீன்."

"அத்தாகூட ஆடப் போறியா?" அவர்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கத்தா துபாயில இருக்காங்க," என்றாள்.

அவர் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கைப்புள்ளையா இருக்கும்போது போனவுக. இப்பத்தான் லீவு கெடைச்சு வந்திருக்காக. போட்டோவுல பாத்தே பழகிட்டா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பேச்சை மாற்றுவதற்காக செட்டை ஓட விட்டேன். ஜமால் பாய் தனியாக ஆட ஆரம்பித்தார். பந்து மேலே போனால் அவருடைய மட்டை கீழே போனது. கீழே வந்தால் மேலே ஏறியது. ஸ்டிக்கோடு சேர்ந்து அவரும் வளைந்தார். துப்பட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பர்வீன் வெளியே வந்து இன்னொரு ஸ்டிக்கைப் பிடித்தாள். பிள்ளைகளுக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். அவள் பாயின்ட் மேல் பாயின்ட் எடுத்தாள்.

கல்லாவிலிருந்து முதலாளி கண்ணைக் காட்டினார். நான் சுவிட்சை அணைத்தேன்.

பர்வீன் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அம்மாவின் பின்னால் போய்விட்டாள். ஜமால் பாய் அணைந்த திரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு வாரேன் தங்கச்சி," என்று கிளம்பிவிட்டார்.

3. பெட்டிக்குள் இருந்தது

மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். பிறகு அந்த அம்மா வரவில்லை, தகப்பனும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். காஜிமார் தெருவிலிருந்து நடந்தே வருவார்கள். அவர் முன்னால் வர, அவள் தள்ளிப் பின்னால் வருவாள். ரோட்டைத் தாண்டும்போது அவர் கையை நீட்டுவார். அவள் அவருடைய சட்டை ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்வாள். கடைக்குள் நுழைந்து ஸ்டிக்கைத் தொட்டதும் ஆள் மாறிவிடுவாள்.

"அந்தப் பக்கம் இல்ல! மேல தூக்குங்க, மேல!"

"இப்படியா?"

"ஐயோ, விட்டுட்டீங்களே!"

பேசினாளே தவிர, அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். 'இங்க பாருங்க' என்பதோடு சரி.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா, பாய் நம்ம கடைய பார்க்குன்னு நெனைச்சுட்டாரா? வாங்குறாரா இல்லையான்னு இன்னைக்குக் கேட்டுரு. வாங்குற பார்ட்டி நின்னுக்கிட்டிருக்கும்போது இவரு உக்காந்து ஆடிக்கிட்டிருக்காரு."

அன்றைக்குப் பர்வீன் பக்கத்து ஷோகேஸில் பொம்மைக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கேட்டேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வெல கூடுதலா இருக்கா? முதலாளிகிட்டப் பேசிப் பாக்கட்டுமா?"

"அதில்ல தங்கச்சி." கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "இதே செட்டு துபாயிலருந்து நானே கொண்டாந்திருக்கேன். வீட்டுல பெட்டிக்குள்ள கெடக்கு. இன்னும் பிரிக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெறகு எதுக்குண்ணே இங்க வந்து..."

"கூட்டுக் குடும்பம். என் அண்ணன் தம்பி பிள்ளைங்க வீடு நெறைய இருக்கு. செட்டப் பிரிச்சா எல்லாம் சுத்தி உக்காந்துக்கும். அவளும் அதுகளோட சேந்துக்குவா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. இங்க வந்தா எதிர்ல ஆட அவளுக்கு என்னை விட்டா ஆள் இல்ல."

பர்வீன் நின்ற பக்கம் பார்த்துவிட்டு, "லீவு முடிஞ்சா போகணும். போறதுக்குள்ள இவகிட்ட நாலு வார்த்த பேசிரணும்னுதான்... உங்களுக்குத் தொந்தரவுன்னா நாளையிலருந்து வரல," என்றார்.

நான் போய் முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதை நான்தான் அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு தகப்பனையும் பிள்ளையையும் பார்த்தார்.

"கடைக்கு வந்தவர வெளிய போன்னா சொல்ல முடியும்? கட தெறந்ததும் வரச் சொல்லு, அப்பக் கூட்டம் இருக்காது. டி.வி.ல ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா ரோட்டுல போறவனும் எட்டிப் பாப்பான், நமக்கும் நல்லதுதான்," என்றார். பிறகு கல்லாவைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டு, "அவங்க ஆடும்போது சுவிட்சுகிட்டப் போகாத," என்று சொன்னார்.

4. "ஒழுங்கா ஆடுங்க"

அதற்குப் பிறகு காலையில் கடையைக் கூட்டி முடிக்கும்போதே வந்துவிடுவார்கள். இரண்டு ஸ்டூல் போட்டு வைப்பேன். வோல்டேஜ் இறங்கினால் படம் ஆடும் என்பதால், விற்பனைக்கு இருந்த ஸ்டெபிலைசர் ஒன்றை எடுத்து அந்த டி.வி.க்கு மாட்டிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆடி ஆடி ஜமால் பாய்க்கும் கை தேறிவிட்டது. பந்து எங்கே போய்த் திரும்பும் என்பது அவருக்கு இப்போது தெரியும். நினைத்தால் அவளை ஜெயித்துவிடலாம். ஆனால் ஜெயிக்க அவருக்கு மனசு வரவில்லை. பிள்ளை தோற்றால் ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாளோ என்று பயம். நல்லபடியாக ஆடிக்கொண்டே வந்து, கடைசிப் பந்தைத் தவற விட்டுவிடுவார். இதை நான் கவனித்திருந்தேன். பர்வீனும் கவனித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் இரண்டு பேருக்கும் சமமாகப் பாயின்ட் ஏறியிருந்தது. கடைசிப் பந்து அவருடைய மட்டைக்கு நேராகத்தான் வந்தது. அவர் மட்டையை மெல்லக் கீழே இறக்கினார். பந்து போய்விட்டது.

பர்வீன் ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வேணும்னே விடுறீங்க! எனக்குத் தெரியும். ஒழுங்கா ஆடுங்கத்தா!"

அத்தா என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. கோபத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

ஜமால் பாய் ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "தண்ணி... தண்ணி குடிச்சுட்டு வாரேன்," என்று எப்படியோ சொல்லிவிட்டு வெளியே போனார். எதிரே இருந்த சோடாக் கடைப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, அத்தாவுக்குக் கோவமா?"

"இல்லடா. வெயிலுக்குத் தாகமா இருக்கு போல. இப்ப வந்துருவாக."

திரும்பி வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தார். "சரி வா. இப்ப ஒழுங்கா ஆடுறேன். தோத்தா அழக் கூடாது, என்ன?"

அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார். பர்வீன் எழுந்து போகவில்லை. "இன்னொண்ணு," என்றாள்.

கல்லாவில் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதே பக்கத்தில் இருந்தார்.

5. காஜிமார் தெரு வீடு

பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அவர்கள் வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்து ஜமால் பாயின் மனைவி மைமூன் கடைக்கு வந்தார். துபாய் செட்டைப் பிரித்திருக்கிறார்கள், ட்யூன் ஆக மாட்டேன் என்கிறது, வந்து மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். எங்களிடம் வாங்காத செட்டுக்கு நாங்கள் ஆள் அனுப்புவதில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "போய்ட்டு வா," என்றார்.

ஜமால் பாய் சொன்னது போலவே வீடு நிறையப் பிள்ளைகள். எல்லாம் டி.வி.யைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஏரியல் பிளக் லூசாக இருந்தது, அவ்வளவுதான். சரி பண்ணி, சேனலைத் திருகியதும் படம் வந்தது. பிள்ளைகள் கத்தின கத்தலில் தெருவே திரும்பியிருக்கும். பர்வீன் நடுவில் உட்கார்ந்து யார் யாரோடு ஆட வேண்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மைமூன் எனக்கு அடுப்படியில் டீ கொடுத்தார்.

"அவுக நல்லபடியாப் போய்ச் சேந்தாகளாக்கா?" என்று கேட்டேன்.

"சேந்துட்டாக." சொல்லும்போதே கண் கலங்கியது, கூடவே சிரித்தார். "பிளேனுக்காக ரயிலேத்திவிடப் போனப்ப ஸ்டேஷன்ல இவ பண்ணுனத நீ பாக்கலையே தனம். போன தடவ அவுக போறப்பத் தூங்கிக்கிட்டிருந்தா. இந்தத் தடவ அவுக காலக் கட்டிக்கிட்டு அழுதா பாரு, ரயிலு ஊதுற வரைக்கும் விடல. எங்க எல்லாத்துக்கும் மனசு தாங்கல. இந்த மனுசன் என்னடான்னா ஏறி சன்னலோரமா உக்காந்து சிரிக்கிறாரு. 'எனக்காக அழுகுது மைமூனு, பாத்தியா'ன்னு அம்புட்டு சந்தோசம்."

பிறகு ஜமால் பாய் இரண்டு முறை போய் வந்துவிட்டு, ஊரோடு தங்கி தெற்கு வாசல் பக்கம் ஒரு கடை போட்டார். எங்கள் கடையில் அவர் கடைசி வரைக்கும் டி.வி. கேம் வாங்கவே இல்லை.

அதே கடையில் நான் மேனேஜராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு டெமோ காட்டுவது எப்படி என்று நான்தான் சொல்லிக் கொடுப்பேன். முதலாளி சொன்னதையெல்லாம் சொல்லுவேன், அது தொழில். அதோடு ஒன்று சேர்த்துச் சொல்லுவேன். ஒரு ஆள் வாங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். பக்கத்தில் போய், என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். நாம் விற்கிற பொருளில் நமக்கே தெரியாத உபயோகம் ஒன்று அவருக்கு இருக்கலாம். அதை அவர் வாயால் சொல்லிவிட்டால், சுவிட்சை அணைக்க உங்களுக்கு மனசு வராது.