தோடிக்குச் சிவப்பு விளக்கு

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை என் கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை இறக்கினேன். சுரம் சரியென்றால் பச்சை, விலகினால் சிவப்பு.

விசுவமடுவில் எங்கள் பஜனைக் குழுவுக்குப் புல்லாங்குழல் நான்தான். மூன்று மாதங்களுக்கு முன்பு ஸ்கந்தபுரத்திலிருந்து தவம் வந்து சேர்ந்தார். உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். அந்தத் தடித்த விரலால் துளையைக் கால்வாசி மட்டும் திறந்து, தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அசைப்பார். எல்லோரும் கண்ணை மூடிவிடுவார்கள்.

நான் வாசிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள். சிலர் நேரமும் பார்ப்பார்கள்.

இன்றைய ஒத்திகையில் தவத்தின் பக்கத்தில் கைபேசியை வைத்தேன். காந்தாரம் வந்ததும் சிவப்பு. அசைய அசையச் சிவப்பு.

குழுவை நடத்தும் மலர் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அக்கா, தவத்தின்ர சுரம் பிழையெண்டு காட்டுது."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஓம், ரெண்டு சுரத்துக்கு நடுவில நிக்குது. தோடி அங்கதானே தம்பி இருக்கு. எங்க, நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை பச்சை.

தவம் சிரிக்கவில்லை. "நல்ல சாமான் அண்ணை. எனக்கும் அனுப்பி விடுங்கோ" என்றார். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

உங்களில் வேறு யாருக்காவது முழுப் பச்சை கிடைத்திருந்தால் கீழே எழுதுங்கள். தனியாக இருப்பதுபோல் உணர்கிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து குழல் தவம். தாளம் நான்.