அளவெடுக்காத குர்தா

முல்தானில் எழுத்தாளர்களுக்குக் குறைச்சலே இல்லை, கேட்கத்தான் ஆள் பஞ்சம். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் கேட்பதற்கென்றே வந்தவர் ஒருவர்தான்: தையல்கார மாஸ்டர் குலாம் ஷப்பீர். ஒரு வரி எழுதியவரில்லை. பத்து வருஷமாகக் கடையைச் சாத்திவிட்டு வந்து, காலரில் குத்திய ஊசியோடு கதவோரம் உட்காருவார். வாயே திறந்ததில்லை. நான் இன்றும் எழுதுகிறேன் என்றால் அது அவரால்தான்.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கதை படித்தவர் பிறகு பேசவே கூடாது. அடித்தாலும் அழக் கூடாது.

என் மூன்று கதைகளை ஏற்கெனவே துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். நான்காவதும் தோற்றால் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துதான் அன்று படித்தேன். சந்தையில் மகனைத் தொலைத்த ஒரு தாய், ஒவ்வொரு ஈதுப் பெருநாளுக்கும் அவனுக்குக் குர்தா தைக்கிறாள், வருஷா வருஷம் கொஞ்சம் பெரிதாக. அதுதான் கதை.

பேராசிரியர் தௌகீர் சாகிப் கண்ணாடியைக் கழற்றினார். “அழ வைக்கறதுக்குன்னே கட்டினது பீபி இது. இல்லாத பையனுக்கு யாரு அளவு குடுப்பாங்க? எந்தத் தையல்காரன் தைப்பான்?”

அறையே சிரித்தது. கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது சரியென்று எனக்கே பட்டது. முழுக்க என் கற்பனைதானே! கிழித்துப் போடலாம் என்று தாள்களை மடித்தேன்.

“நான் தைக்கிறேன் சாகிப்” என்றார் மாஸ்டர்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினோம்.

“ஒம்போது ஈதா தைக்கிறேன். இதே மாதிரி மகனத் தொலச்ச ஒரு அம்மா துணியக் கொண்டுவந்து வைப்பாங்க. என் தங்கச்சி மகனுக்கும் அதே வயசு. அவன நிக்க வெச்சு அளவெடுத்துக்குவேன். போன வருஷம் கேட்டாங்க, ‘மாஸ்டர், இப்ப மீச அரும்பியிருக்குமில்ல?’ன்னு.”

“அப்புறம்?” பேராசிரியரின் குரல் இறங்கியிருந்தது.

“அப்புறமென்ன சாகிப்? தோள்ல அரை விரக்கட கூட்டி வெட்டினேன்.”

மடித்த தாள்களைக் கிழிக்காமல் பைக்குள் வைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் படியில் அவரைப் பிடித்துவிட்டேன். “மாஸ்டர்ஜி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“அது கெடக்கட்டும் பாஜி” என்றார், அக்கா முறை வைத்து. “அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊருல இப்படிப் பண்றது தான் ஒருத்திதான், தனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க. நாளைக்குத் துணி குடுக்க வருவாங்க. நீங்க வந்து படிச்சுக் காட்டுறீங்களா?”

மறுநாள் கடையில், வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த அம்மாள் நீல நிறத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை. முடிந்ததும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்ப இன்னொருத்தியும் இருக்கா” என்றார்.

இல்லையம்மா, அது நானாகக் கட்டிய கதை என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். எங்கள் கூட்டத்து விதி ஞாபகம் வந்தது.

நான் பேசவில்லை.