அடுத்த மாடல் வரட்டும்

பழுதுபார்க்கும் கடையில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர். புதுசாக எது வந்தாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருஷமாக அவர் மேஜைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன சாமான்தான். நன்றாக ஓடுகிற போனை யார் கொண்டுவந்து காட்டப் போகிறார்கள்? வாங்கிய வாரமே உப்பிய பேட்டரி, மறுநாளே உறைந்துபோன திரை. பார்த்துப் பார்த்து, புதுசு என்றாலே கோளாறுதான் என்று மனசில் ஊறிப்போயிற்று.

"முதல்ல வாங்கறவன் காசும் கொடுத்து, சோதிச்சும் கொடுக்கறான். நமக்கெதுக்கு அந்த வேலை?" என்பார். போன், டிவி விஷயத்தில் அது கெட்டிக்காரத்தனம்தான். மனைவியின் காது விஷயத்திலும் அதையே செய்தாரே, அந்த மனுஷனை என்ன சொல்ல?

மனைவிக்குக் காது மந்தமானபோது டாக்டர் ஒரு புதுக் கருவியைச் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்து நெட்டில் துருவித் துருவித் தேடினார். சார்ஜ் நிற்கவில்லை, விசிலடிக்கிறது என்று நாலு பேர் புலம்பியிருந்தார்கள். போதாதா?

"ஆறு மாசம் போகட்டும். கோளாறெல்லாம் சரிபண்ணிடுவான்."

சரிபண்ணினான். அதற்குள் அதைவிடச் சின்னதாக இன்னொன்று வந்தது. அதற்கும் ஆறு மாசம். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. நடுவில் இரண்டு தடவை, "பழசே போதுங்க, வாங்கிடலாம்" என்று கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. மகளோடு போனில் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

போன மாதம்தான், எல்லாரும் மெச்சிய ஒரு கருவியை வாங்கி மாட்டிவிட்டார். இன்று பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் அவள், வெளியே இவர். சோதிக்கும் பெண் மைக்கில் சொல்வதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

'கதவு' என்றார் அந்தப் பெண். அவள் விழித்தாள். 'தண்ணீர்' என்றார். கையை விரித்தாள். இவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமா?" என்று கேட்டார். தொழில்புத்தி எங்கே போகும்!

"மெஷின் நல்லாருக்கு சார். சத்தமும் போகுது. ரொம்ப நாள் கேக்காம இருந்ததால, வார்த்தையைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கற பழக்கம் விட்டுப்போச்சு. நாலு வருஷம் முன்னாடி ஏதோ ஒண்ணு மாட்டியிருந்தாக்கூட..."

"இனிமே வராதா?"

"பயிற்சி கொடுக்கலாம். ஆனா பெருசா எதிர்பார்க்காதீங்க."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அவள் கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

சொன்னார். புரியவில்லை. காதருகே போய்க் கத்தினார். அவள் வலி தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல், மருத்துவமனைச் சீட்டைத் திருப்பி முழங்காலில் வைத்து எழுதினார். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கடைசி வரியாக, 'என் தப்புதான். மன்னிச்சிடு' என்று எழுதி நீட்டினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இதைக் காது கேக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.